இரண்டு நாள் வலி: குன்றத்தூர் நாட்குறிப்பு

மார்ச் 1

எண்டோமெட்ரியோசிஸ் என்னும் நோயைப் பற்றிய விழிப்புணர்வு மாதமாக உலகெங்கும் கொள்ளப்படும் மார்ச் இன்று தொடங்குகிறது. கருப்பையின் உட்சுவரில் மட்டும் இருக்க வேண்டிய சவ்வை ஒத்த திசு, கருப்பைக்கு வெளியே சூலகத்திலும் குடலின் மேலும் சிறுநீர்ப்பையின் மேலும் வளர்ந்து, அங்கங்கே அழற்சியையும் தழும்பையும் உண்டாக்குவதே இந்நோயாகும். இனப்பெருக்க வயதுள்ள பெண்களிலும் சிறுமியரிலும் ஏறக்குறைய பத்தில் ஒருவருக்கு, அதாவது உலக அளவில் சுமார் 19 கோடிப் பேருக்கு, இது இருப்பதாக உலக சுகாதார நிறுவனம் கணக்கிடுகிறது. இவ்வளவு பரவலான நோயைக் கண்டறிய 4 முதல் 12 ஆண்டுகள் வரை ஆகின்றன என்பதும் அதே நிறுவனம் தரும் தகவல். அந்த ஆண்டுகளில் நோயாளிகள் மருத்துவரை அணுகாமல் இருந்துவிடுவதில்லை. அணுகுகிறார்கள், கூச்சத்தை விட்டுச் சொல்கிறார்கள், “இது எல்லாப் பெண்களுக்கும் வருவதுதானே” என்ற பதிலைக் கேட்டுத் திரும்புகிறார்கள்.

குன்றத்தூரில் இருந்து பார்க்கும்போது இந்தப் புள்ளிவிவரம் தொலைவில் உள்ள ஒன்றாகத் தோன்றுவதில்லை. இவ்வட்டாரத்தில் ஸ்ரீபெரும்புதூர், இருங்காட்டுக்கோட்டை, ஒரகடம், வல்லம் வடகால் என நீளும் தொழிற்பேட்டைகளில் செல்பேசியும் மின்னணுக் கருவிகளும் பூட்டும் வேலையைப் பெருமளவில் இளம்பெண்களே செய்கிறார்கள். பிற மாவட்டங்களில் இருந்து வந்து, ஹாஸ்டல்களிலும் வாடகை அறைகளிலும் தங்கி, கம்பெனிப் பேருந்துகளில் ஷிஃப்டுக்குப் போய்வருகிறார்கள். வல்லம் வடகாலில் 2024 ஆகஸ்டில் திறக்கப்பட்ட பெண் தொழிலாளர் குடியிருப்பு 18,720 பேர் தங்கும் அளவுடையது. பத்தில் ஒருவர் என்ற கணக்கு அங்கும் பொருந்துமானால், அது நிரம்பும்போது அந்த ஒரு வளாகத்திலேயே 1,800க்கும் மேற்பட்ட பெண்கள் இந்நோயோடு வாழ்வார்கள். அவர்களுள் எத்தனை பேருக்குத் தம் வலியின் காரணம் தெரிந்திருக்கும் என்பதே இக்குறிப்புகளை எழுதத் தூண்டிய கேள்வி.

மார்ச் 4

மாதவிலக்கு வலியை மருத்துவம் இரண்டாகப் பிரிக்கிறது. முதல் வகையில் உறுப்பில் நோய் எதுவும் இருப்பதில்லை. கருப்பையின் உட்சவ்வு உதிரும் வேளையில் புரோஸ்டாகிளாண்டின் என்னும் வேதிப்பொருள் மிகுதியாகச் சுரந்து, கருப்பைத் தசையை இறுக்கி, அதற்குப் போகும் இரத்த ஓட்டத்தைக் குறைப்பதால் வலி எழுகிறது. அதே பொருளின் தூண்டுதலால் சிலருக்கு வாந்தியும் பேதியும் தலைசுற்றலும் சேர்ந்துகொள்கின்றன. உதிரப்போக்கு தொடங்கும் முதல் ஓரிரு நாட்களில் இவ்வலி உச்சத்தில் இருக்கும். நோய் இல்லாத வலி என்பதால் அது பொய்யான வலி ஆகிவிடாது. வேலை செய்யும் கையை நிறுத்திவிடும் அளவுக்கு அது கடுமையாகலாம்.

இரண்டாம் வகை வலிக்குப் பின்னால் எண்டோமெட்ரியோசிஸ், நார்க்கட்டி, இடுப்பறை உறுப்புகளின் தொற்று போன்ற நோய்கள் உண்டு. விலக்குக்குச் சில நாட்கள் முன்பே தொடங்குதல், ஆண்டுக்கு ஆண்டு கூடுதல், வழக்கமான வலி மாத்திரைக்கு அடங்காதிருத்தல், மலம் கழிக்கும்போதோ சிறுநீர் கழிக்கும்போதோ உடலுறவின்போதோ வலித்தல் ஆகியவை இதை உணர்த்தும் அடையாளங்கள். இந்தக் கடைசி மூன்றும் வெளியே சொல்ல மிகவும் கூச்சப்பட வைப்பவை என்பதாலேயே மருத்துவருக்கு மிகவும் தேவைப்படும் செய்தி பெரும்பாலும் சொல்லப்படாமல் நின்றுவிடுகிறது. சொல்லப்பட்டாலும் அது மூலம், நீர்க்கடுப்பு, வாயுத்தொல்லை என்று வேறு பெயர்களில் மருந்துச்சீட்டில் ஏறிவிடுவது உண்டு.

ஸ்கேன் செய்து பார்த்து ‘நார்மல்’ என்று வந்துவிட்டால் பேச்சு அதோடு முடிந்துபோவது வழக்கம். வயிற்றறையின் உட்சவ்வில் மேலோட்டமாகப் படிந்த சிறு திட்டுகள் சாதாரண ஸ்கேனில் தெரிவதில்லை. ஸ்கேனில் ஒன்றும் இல்லை என்பது நோய் இல்லை என்பதற்குச் சான்றாகாது என்பதை ஐரோப்பிய இனப்பெருக்க மருத்துவச் சங்கம் 2022இல் வெளியிட்ட வழிகாட்டி தெளிவாக்கியுள்ளது. வயிற்றில் சிறு துளையிட்டுக் கருவியால் பார்க்கும் லேப்ராஸ்கோப்பி செய்துதான் சிகிச்சையைத் தொடங்க வேண்டும் என்ற பழைய கட்டாயத்தையும் அந்த வழிகாட்டி தளர்த்தி, அடையாளங்களைக் கொண்டே மருந்தைத் தொடங்க இடம் தந்தது. ஆகவே இந்நோயில் நோயாளியின் சொல்லே முதன்மையான சான்று. அந்தச் சொல்லைக் கேளாமல் விடும் மருத்துவர் தம் கையில் உள்ள சிறந்த கருவியைப் பயன்படுத்தாமல் விடுகிறார்.

மார்ச் 8

மகளிர் நாளாகிய இன்று பேசத்தக்கது, மருத்துவர் அறைக்குள் அந்தச் சொல் எப்படித் தேய்ந்துபோகிறது என்பதே. எதிரே இருப்பவர் ஆண் மருத்துவராக இருந்தாலோ, கதவருகே வரிசை நின்றாலோ, பெண்கள் ‘வயிற்று வலி’ என்று மட்டும் சொல்லி நிறுத்திவிடுகிறார்கள். ‘எந்த நாட்களில்’ என்ற அடுத்த கேள்வி எழாதபோது அமிலச் சுரப்புக்கான மாத்திரையோடு அவர்கள் அனுப்பப்படுகிறார்கள். 67 நாடுகளை ஒப்பிட்டு 2017இல் வெளிவந்த ஓர் ஆய்வு, முதல்நிலை மருத்துவத்தில் நோயாளிக்குக் கிடைக்கும் நேரம் வங்கதேசத்தில் 48 நொடி, ஸ்வீடனில் 22 நிமிடத்துக்கும் மேல், இந்தியாவில் ஏறக்குறைய 2 நிமிடம் என்று காட்டியது. இரண்டு நிமிடத்தில் கூச்சம் கலையாது. பல ஆண்டு வலியின் வரலாறும் அதில் அடங்காது.

மணமாகாத பெண்களுக்கு இன்னொரு தடையும் இருக்கிறது. சூலகத்தையும் இடுப்பறையையும் நன்கு காட்டக்கூடிய, பிறப்புறுப்பின் வழியாகச் செய்யும் ஸ்கேன் நம் நாட்டில் அவர்களுக்கு வழக்கமாகச் செய்யப்படுவதில்லை. வயிற்றின் மேலிருந்து எடுக்கும் ஸ்கேனோடு நிறுத்திக்கொண்டு, “கல்யாணம் ஆனால் சரியாகிவிடும்”, “ஒரு குழந்தை பிறந்தால் போய்விடும்” என்று சொல்லி அனுப்புவதற்கு மருத்துவ ஆதாரம் இல்லை. திருமணம் இந்நோய்க்கு மருந்தாகாது, மகப்பேறும் அதைக் குணப்படுத்துவதாக நிறுவப்படவில்லை. மாறாக, இந்நோயே சிலருக்குக் கருத்தரிப்பைக் கடினமாக்குகிறது என்பதால், காத்திருக்கச் சொல்லும் அறிவுரை எந்தக் குழந்தையைக் காட்டி ஆறுதல் சொல்கிறதோ அந்தக் குழந்தைக்கே தடையாகலாம்.

மார்ச் 13

தமிழ்நாட்டின் ஆயத்த ஆடைத் தொழிற்கூடங்களில் வேலை செய்யும் சுமார் 100 பெண்களிடம் பேசி, தாம்சன் ராய்ட்டர்ஸ் அறக்கட்டளை 2019இல் வெளியிட்ட புலனாய்வுச் செய்தி இந்தப் பொருளில் தவிர்க்க முடியாத ஆவணம். மாதவிலக்கு வலி என்று சொன்ன பெண்களுக்கு, மருந்தின் பெயரோ காலாவதித் தேதியோ இல்லாத மாத்திரைகள் வேலையிடத்திலேயே கொடுக்கப்பட்டன என்பதும், பேசிய பெண்களில் பாதிக்கும் மேற்பட்டோர் அவற்றால் தம் உடல்நலம் கெட்டதாகக் கூறினர் என்பதும் அதன் சாரம். ஒரு நாள் கூலியை இழக்க முடியாத பெண் மாத்திரையை வாங்கி விழுங்கினாள்; உற்பத்தி நிற்காமல் ஓடியது; வலி எங்கும் பதிவாகவில்லை.

வலி மாத்திரை கொடுப்பது தன்னளவில் தவறன்று. இபுப்ரோஃபென், மெஃபனமிக் அமிலம் போன்றவை புரோஸ்டாகிளாண்டின் உருவாவதையே தடுப்பதால், வலி தொடங்கும் வேளையில் எடுத்துக்கொண்டால் நன்கு பயன் தருபவை. ஆனால் வெறும் வயிற்றில் அடிக்கடி விழுங்கினால் இரைப்பையையும் சிறுநீரகத்தையும் அவை தாக்கக்கூடும். மெஃபனமிக் அமிலம் அரிதாகக் காய்ச்சல், தோல் தடிப்பு, உள்ளுறுப்புப் பாதிப்பு ஆகியவை சேர்ந்த கடும் ஒவ்வாமையை உண்டாக்கலாம் என்று இந்திய மருந்தியல் தரநூல் ஆணையம் 2023 நவம்பர் இறுதியில் எச்சரித்தது. என்ன மாத்திரை என்றே தெரியாமல் விழுங்கியவர் பின்னால் மருத்துவரிடம் என்ன சொல்ல முடியும்? 500 பேருக்கு மேல் வேலை செய்யும் இடத்தில் முதலுதவி அறை வேண்டும் என்று 1948ஆம் ஆண்டின் தொழிற்சாலைச் சட்டம் விதித்தது. அந்த அறையில் கொடுக்கப்படும் ஒவ்வொரு மாத்திரையின் பெயரும் வாங்கியவருக்கு எழுதித் தரப்படுவது அந்த விதியின் நோக்கத்துக்கு மிகக் குறைந்த மரியாதையாகும்.

மார்ச் 17

ஈ.எஸ்.ஐ. எனப்படும் தொழிலாளர் அரசுக் காப்பீட்டுக்காகத் தொழிலாளியின் சம்பளத்தில் 0.75 சதவீதமும் முதலாளியிடம் இருந்து 3.25 சதவீதமும் பெறப்படுகின்றன. நோயுற்றால் ஆண்டுக்கு 91 நாட்கள் வரை ஊதியத்தில் 70 சதவீதம் கிடைக்கும் என்பது அதன் பெரும் நன்மை. ஆனால் ஒவ்வொரு நோய்க்காலத்திலும் முதல் இரண்டு நாட்களுக்கு உதவித்தொகை இல்லை. முன்பு உதவி பெற்ற நோய்க்காலம் முடிந்து 15 நாட்களுக்குள் மீண்டும் நோய் வந்தால் மட்டுமே இந்த விதிக்கு விலக்கு உண்டு. மாதவிலக்கு வலி பெரும்பாலும் முதல் இரண்டு நாட்களில் கடுமையாக இருந்து, ஏறக்குறைய 28 நாட்களுக்கு ஒரு முறை திரும்புகிறது. விதி ஒதுக்கிவைத்த இரண்டு நாட்களுக்குள்ளேயே அது அடங்கிவிடுகிறது, விலக்கு தரும் 15 நாட்களுக்குள்ளும் வருவதில்லை. இந்த விதியை எழுதியவர்கள் பெண்களுக்குத் தீங்கு நினைத்திருக்க மாட்டார்கள். எழுதும்போது இவ்வலி அவர்கள் கணக்கிலேயே இருந்திருக்காது. மருத்துவர் அறையில் நிகழும் புறக்கணிப்பு இவ்வாறு ஏட்டிலும் இடம்பிடித்திருக்கிறது.

பீகார் அரசு தன் பெண் ஊழியர்களுக்கு மாதம் இரண்டு நாள் விடுப்பை 1992இலேயே அளித்தது. கர்நாடகம் 2025இல் தனியார் நிறுவனங்களையும் சேர்த்து ஆண்டுக்கு 12 நாள் ஊதியத்துடன் கூடிய விடுப்புக்கு ஒப்புதல் தந்தது. கட்டாய விடுப்பு பெண்களை வேலைக்கு எடுப்பதையே குறைத்துவிடலாம் என்ற கவலையை உச்ச நீதிமன்றம் 2024 ஜூலையில் வெளியிட்டது. அந்தக் கவலைக்கு அடிப்படை உண்டு என்றாலும், விடுப்பு வேண்டுமா என்ற விவாதத்துக்கு முன்பே முடிக்கக்கூடிய வேலை ஒன்று இருக்கிறது. இரண்டு நாள் காத்திருப்பு விதியில் மாதந்தோறும் திரும்பும் வலிக்கு ஒரு விலக்கைச் சேர்த்தால், ஏற்கெனவே சந்தா கட்டிவரும் பெண்களுக்கு அவர்களுடைய சொந்தக் காப்பீடே துணைநிற்கும்.

மார்ச் 22

குன்றத்தூர் சேக்கிழார் பிறந்த ஊர் என்பது தமிழர் அறிந்தது. பன்னிரண்டாம் நூற்றாண்டில் அவர் இயற்றிய பெரிய புராணம் திருநாவுக்கரசர் வரலாற்றில் ஒரு வயிற்று வலியை மிகுந்த கவனத்தோடு விவரிக்கிறது. தருமசேனர் என்ற பெயரோடு சமண மடத்தில் வாழ்ந்தவரைச் சூலை நோய் பற்றுகிறது. அங்கே செய்த முயற்சிகள் எவையும் பலிக்காதபோது அவர் தமக்கையார் திலகவதியாருக்குச் செய்தி அனுப்பி, பின் திருவதிகைக்குத் தாமே வந்து சேர்கிறார். சமய வரலாற்றில் அந்நிகழ்ச்சிக்கு உள்ள இடம் வேறு. நோயின் நோக்கில் படித்தால் அங்கே இரண்டு செய்திகள் தெளிவாகத் தெரியும்: கண்ணுக்குத் தெரியாத உள்வலியைக் கவி பெருநிகழ்ச்சியாக ஏற்று முழுமையாகப் பதிவுசெய்கிறார், அவ்வலியோடு வந்தவரிடம் தமக்கையார் அது மெய்தானா என்று சோதித்துப் பார்க்கவில்லை. வலியை நம்பிக் கேட்கும் மரபு இந்த மண்ணுக்குப் புதிதன்று. அந்த மதிப்பு ஒரு பெரியாரின் வலிக்கு உரியதென்றால், லைனில் நின்று வேலை பார்க்கும் பத்தொன்பது வயதுப் பெண்ணின் வலிக்கும் உரியதே.

மார்ச் 25

2021 டிசம்பரில் இவ்வட்டாரத்தில் மின்னணு ஆலை ஒன்றின் பெண் தொழிலாளர் ஹாஸ்டலில் உணவு நஞ்சாகி, 150க்கும் மேற்பட்டோர் மருத்துவமனையில் சேர்க்கப்பட்டதும், சக தொழிலாளர்கள் ஸ்ரீபெரும்புதூர் அருகே நெடுஞ்சாலையில் அமர்ந்து போராடியதும் உலகச் செய்தியாயின. ஆலை மூடப்பட்டு, ஹாஸ்டல்களின் நிலை ஆராயப்பட்டு, 2022 ஜனவரியில்தான் வேலை மீண்டும் தொடங்கியது. ஒரே நாளில் பலருக்கு வந்த நோய் என்பதால் அதை எவராலும் மறுக்க முடியவில்லை. மாதவிலக்கு வலியோ ஒவ்வொருத்திக்கும் ஒவ்வொரு நாளில், ஒவ்வோர் அறையில், கழிப்பறைக் கதவுக்குப் பின்னால் வருகிறது. கூட்டிப் பார்த்தால் அதைவிடப் பன்மடங்கு பேரைத் தாக்கும் இவ்வலி, தனித்தனியாக நிகழ்வதாலேயே எண்ணப்படாமல் போகிறது. தனித்தனி வலிகளைச் சேர்த்து எண்ணுவதற்கு எழுத்துப் பதிவை விட்டால் வேறு வழி இல்லை.

மார்ச் 30

வலி நாட்குறிப்பு என்பது மகப்பேற்று மருத்துவர்கள் பரிந்துரைக்கும் எளிய கருவி. விலக்கு தொடங்கிய தேதி, வலி எழுந்த நேரம், பூஜ்யம் முதல் பத்து வரையிலான அளவில் அதன் கடுமை, விழுங்கிய மாத்திரையின் பெயர், அது கேட்டதா இல்லையா, மலசலம் கழிக்கும்போது வலி இருந்ததா, எத்தனை மணி நேர வேலை தடைப்பட்டது ஆகியவற்றை இரண்டு மூன்று மாதங்கள் செல்பேசியிலோ நோட்டிலோ குறித்துவந்தால் போதும். வாயால் சொல்லக் கூசுவதை எழுதி நீட்டலாம். இரண்டு நிமிடத்தில் சொல்ல முடியாததை ஒரு பக்கத்தில் காட்டலாம். எழுதியதைப் படித்தும் மருத்துவர் பொருட்படுத்தாவிட்டால், நோயாளி சொன்ன அடையாளங்களை மருந்துச்சீட்டில் குறித்துத் தருமாறு கேட்டு, அதோடு வேறொரு மகப்பேற்று மருத்துவரை அணுகுவது நோயாளியின் உரிமை.

ஆயினும் நிரூபிக்கும் பொறுப்பு முழுவதையும் வலியில் கிடப்பவர் மேலேயே சுமத்துவது நீதியாகாது. 2011இல் தமிழக அரசு அறிமுகப்படுத்திய புதுயுகம் திட்டம் வளரிளம் பெண்களுக்கு நாப்கினைக் கொண்டுசேர்த்தது. 2021இல் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் இரத்த அழுத்தத்தையும் சர்க்கரையையும் வீடு தேடிச் சென்று கேட்டறிந்தது. அத்திட்டத்தின் பணியாளர்களே ஹாஸ்டல் வாயிலில் நின்று கேட்க வேண்டிய கேள்விகள் மூன்றே: விலக்கு நாட்களில் வேலைக்குப் போக முடியாத அளவு வலி உண்டா, மாத்திரைக்கு அது அடங்குகிறதா, மலசலம் கழிக்கும்போது வலிக்கிறதா? முதல் கேள்விக்கு ‘ஆம்’ என்றும் இரண்டாவதற்கு ‘இல்லை’ என்றும் பதில் வந்தால், அல்லது மூன்றாவதற்கு ‘ஆம்’ என்று வந்தால், அப்பெண்ணைப் பெண் மருத்துவர் உள்ள மகப்பேற்றுப் பிரிவுக்கு அனுப்பும் ஏற்பாடும் வேண்டும். இதற்குப் புதிய கட்டடமோ விலையுயர்ந்த கருவியோ தேவைப்படாது. கேட்கத் தயாராக இருக்கும் பணியாளரும், சொன்னதை அப்படியே எழுதிவைக்கும் படிவமும், அதைப் படித்துப் பொறுப்பேற்கும் மருத்துவரும் இருந்தால், கண்டறிவதற்குக் கழியும் ஆண்டுகளில் பெரும்பகுதியை இந்தத் தொழிற்பேட்டையின் பெண்கள் இழக்காமல் காக்கலாம்.