மீண்டு வந்த வேனில்

விடைபெற்றுச் சென்ற விருந்தினர், மறந்துவிட்ட கைக்கோலை எடுத்துச் செல்லத் திரும்பிவந்து, சிறிது நேரம் திண்ணையில் அமர்ந்து அளவளாவிச் செல்வதுண்டு. அவ்வாறே, சென்று மறைந்த வேனிலும் குளிரின் நடுவே மீண்டுவந்து சில நாள் தங்கிச் செல்லும் விந்தையை வட அமெரிக்காவிற் காணலாம்.

அமெரிக்க ஐக்கிய நாட்டின் வடகிழக்கில் நியூ இங்கிலாந்து என்னும் நிலப்பகுதி உள்ளது. இலையுதிர் காலத்தில் அங்குள்ள மேப்பிள் மரங்கள் செந்நிறமும் பொன்னிறமும் பூண்டு நிற்கும். பின்னர், ஓரிரவில் உறைபனி விழும். பூசணிக்கொடி கருகும், பூஞ்செடிகள் மடியும். இனிக் குளிரே என்று உழவர் எண்ணியிருக்குங்கால், எதிர்பாராது தென்திசையினின்று வெதுவெதுப்பான காற்று வீசும். வானம் தெளியும். தொலைவிலுள்ள குன்றுகள் மெல்லிய புகைத்திரையினுள் மங்கித் தோன்றும். பகல் இதமாகவும் இரவு தண்மையாகவும் இருக்கும். இந்நாள்களையே அந்நாட்டார் ‘இந்தியன் வேனில்’ என வழங்கினர். கிரெவெக்கூர் என்னும் எழுத்தாளர் 1778ஆம் ஆண்டிலேயே இப்பெயரைத் தம் எழுத்தில் ஆண்டுள்ளார்.

இலையுதிர் காலத்து வெயில் நாள்கள் யாவும் இப்பெயர்க்கு உரியனவோ? அல்ல. செப்டம்பர்த் தொடக்கத்து வெயில், கோடையின் எச்சமே. ஒரு நாள் தோன்றி மறையும் வெம்மையும் இதனுள் அடங்காது. இலையுதிர் காலத்தின் நடுவிலோ இறுதியிலோ, அப்பருவத்திற்கு இயல்பான அளவினை மிஞ்சிய வெம்மை, சில நாள் தொடர்ந்து நிலைத்தல் வேண்டும். அதற்குமுன் செடிகொடிகளை மாய்க்கும் உறைபனி ஒருமுறையேனும் விழுந்திருத்தல் வேண்டும் என்பது நியூ இங்கிலாந்தார் வகுத்த வரையறை.

உயரழுத்தமுடைய காற்றுத்தொகுதி ஓரிடத்தில் நகராது நின்றுவிடுவதே இதற்குக் காரணமாகும். அதன் மேற்குப் புறத்தே தென்திசை வெப்பக்காற்று ஏறி வரும். மேலிருந்து இறங்கும் காற்று முகில் திரள ஒட்டாது. புகையும் தூசும் உயரச் செல்லமாட்டாமல் நிலத்தை ஒட்டியே தங்கும்.

ஐரோப்பியரும் இதனை அறிவர். நவம்பர் 11ஆம் நாள் புனித மார்ட்டின் திருநாள் ஆதலின், அதனை ஒட்டி வரும் வெம்மையை அவர் பெயரால் வழங்குவாருளர். செர்மானியர் ‘முதுமகளிர் வேனில்’ என்பர். அந்நாள்களில் இளஞ்சிலந்திகள் நூல் விட்டுக் காற்றில் மிதக்கும். வெயிலில் மின்னும் அந்நூல் நரைத்த கூந்தலை ஒக்கும்.

‘இந்தியன்’ என்னும் சொல் ஈண்டு நம் நாட்டைக் குறிப்பதன்று. 1492ஆம் ஆண்டில் கொலம்பசு செய்த பிழையால், அந்நிலத்துத் தொல்குடிகள்மேல் ஏறிய பெயர் அது. பிறர் இட்ட பிழைப்பெயரை ஒரு மக்கள்மேல் என்றும் சுமத்துதல் முறையன்று. அமெரிக்க வானிலைக் கழகத்தாரும் 2020ஆம் ஆண்டில் தம் சொற்றொகுதியில் இதனை ‘இரண்டாம் வேனில்’ என மாற்றினர்.

உலகம் வெம்மையுற்று வரும் இக்காலத்தில், முதல் உறைபனி பல இடங்களிற் பிந்தியே விழுகின்றது. பனி விழாமுன் நீளும் வெம்மை, மீண்டு வந்த வேனில் ஆகாது. நீங்காத கோடையே ஆகும். குளிர் வந்து சென்றாலன்றோ வெம்மையின் அருமை விளங்கும்?

அறிவுடைய உழவன் இச்சில நாள்களைக் கண்டு மயங்கான். எஞ்சிய கதிரைக் களஞ்சியம் சேர்ப்பான். விறகு பிளந்து அடுக்குவான். வேனில் நிலைத்துவிட்டது என்று வாளாவிருந்தவன் வாயிலில் வெண்பனி வந்து நிற்கும். இழந்த காலம் ஒருமுறை மீண்டு வருதல் அரிய பேறு. அதனைப் பயன்கொள்வதே அறிவுடைமை.