உப்பில்லா அப்பம்

2025ஆம் யூபிலி ஆண்டில், நாம் பணியாற்றும் பங்கின் மக்கள் சிலரோடு இத்தாலிக்குத் திருப்பயணம் சென்றிருந்தோம். உரோமையிலிருந்து ஒரு வெள்ளிக்கிழமை பேருந்தில் அசிசிக்குப் போனோம். தூய பிரான்சிஸ்குவின் கல்லறையருகே திருப்பலி. மறையுரையில் ஏழ்மையைக் குறித்து நாம் சற்று நீளமாகவே பேசினோம்.

நண்பகலில் நல்ல பசி. கோயிலுக்குக் கீழே செல்லும் சந்தில் ஒரு சிறு சாண்ட்விச் கடை. உள்ளே நான்கே நாற்காலிகள். வாசலெங்கும் பொரித்த பன்றி இறைச்சியின் மணம். வெள்ளிக்கிழமை ஒறுத்தல் நமக்குக் குருமட நாள் தொட்டு வந்த வழக்கமாதலால், தக்காளியும் மொட்சரெல்லாப் பாலாடைக்கட்டியும் வைத்த ரொட்டியை நமக்கும் உடன் வந்த முதிய உபதேசியாருக்குமாய்க் கேட்டோம். ஒன்று 6 யூரோ. ஏறத்தாழ 600 ரூபாய். இத்தாலியச் சமையலைப் பற்றி எவ்வளவோ கேள்விப்பட்டிருந்தோம் அல்லவா!

முதல் கடியிலேயே ஏமாற்றம். ரொட்டியில் ஒரு துளியும் உப்பில்லை. பாலாடைக்கட்டியோ பச்சைத் தண்ணீர். தக்காளி அதற்குத் துணை. பாதியைத் தட்டில் தள்ளிவிட்டு, கடைக்காரப் பெண்மணியிடம், "உப்புப் போட மறந்துவிட்டீர்களா?" என்று ஆங்கிலத்தில் கடுகடுத்தோம். மொழி புரியாத அம்மூதாட்டி, எண்ணெய் வேண்டும் போலும் என்று எண்ணி ஒலிவ எண்ணெய்க் குப்பியைக் கொணர்ந்து புன்னகையுடன் வைத்தார். நாம் எழுந்துவிட்டோம்.

தம்முடையதை முழுதும் உண்டு முடித்திருந்த உபதேசியார், "சாமி, இதக் கட்டி எடுத்துக்கிடட்டுமா?" என்றார். நம் பதிலுக்குக் காத்திராமல் கைக்குட்டையில் முடிந்துகொண்டார். இப்பயணத்திற்காக அவர் தம் இரு கறவை மாடுகளில் ஒன்றை விற்றவர் என்பது நமக்குத் தெரியும்.

திரும்பும் வழியில், வழிகாட்டியாக வந்த தமிழ் அருட்சகோதரியிடம் நம் குறையைக் கொட்டினோம். அவர் சிரித்துவிட்டார். அந்த உம்பிரியா நாட்டில் ரொட்டிக்கு உப்பிடுவதே மரபில்லையாம். உப்பூறிய இறைச்சியும் முற்றிய பாலாடைக்கட்டியும் சேர்த்து உண்பதற்கென்றே அப்படிச் சுடுகிறார்கள். இறைச்சியை விலக்கியவர்கள் நாம்தாம்; கடையின் பிழை ஏதுமில்லை.

இதற்கொரு கதையும் உண்டு. 1540இல் திருத்தந்தை மூன்றாம் பவுல் உப்பின் விலையை உயர்த்தியபோது பெருஜியா மக்கள் கிளர்ந்தெழுந்தனர். படை அனுப்பி அடக்கிய திருத்தந்தை, நகரின் தலைமேலேயே ஒரு பெருங்கோட்டையையும் எழுப்பினார். இவ்வளவும் வரலாறு. அன்று முதல் அம்மக்கள் ரொட்டியில் உப்பைத் துறந்தனர் என்பது மட்டும் மக்கள் வழக்கு. ஆய்வாளர் பலர் அதனை ஏற்பதில்லை. உப்பு வரி என்றதும் நமக்கு 1930இன் வேதாரண்யம் நினைவில் எழுந்தது. ஆனால் இங்கே வரி கேட்டவர் திருத்தந்தை! குருமடத்தில் திரிதெந்து சங்கத்தைக் கூட்டியவர் என்றே அவரைப் படித்திருந்தோம். உப்பைப் பற்றி யாரும் சொல்லவில்லை.

அம்மூதாட்டியிடம் ஒரு சொல் மன்னிப்புக் கேட்க மனம் விழைந்தது. பேருந்து அதற்குள் ஃபொலீஞோவைத் தாண்டியிருந்தது.

பின்னிருக்கையில் உபதேசியார் கைக்குட்டையை அவிழ்த்தார். பையிலிருந்து நார்த்தங்காய் ஊறுகாய்ப் பொட்டலமும் வெளிவந்தது. பாதி ரொட்டியை மீண்டும் இரண்டாக்கி, பெரிய துண்டின்மேல் ஊறுகாயைத் தடவி நம்மிடம் நீட்டினார்.

"இப்பச் சாப்பிட்டுப் பாருங்க சாமி."

வாங்கி உண்டோம். இம்முறை எதையும் மீதி வைக்கவில்லை.