பூட்டும் சாவிக்கொத்தும்

அப்பாவுக்குக் கண்புரை அறுவைச் சிகிச்சை முடிந்து பத்தாம் நாள். சாணார்பட்டிக்கு அருகிலுள்ள எங்கள் கிராமத்து வீட்டுத் திண்ணையில் கறுப்புக் கண்ணாடியுடன் அமர்ந்திருந்தவர், எதிரேயிருந்த வேப்பமரத்தை வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்துவிட்டுத் திடீரென்று கேட்டார்: "அம்மா பாடுனத அப்ப படம் புடிச்சியேப்பா, அது வச்சிருக்கியா? இப்பத்தான் கண்ணு தெளிவாத் தெரியுது. ஒருதடவ பாத்துர்றேன்."

இருக்கிறது என்று சொன்னேன். சொன்ன பிறகுதான், அது எங்கே இருக்கிறது, இன்னும் ஓடுமா என்பதெல்லாம் நினைவுக்கு வந்தன.

2004-ஆம் ஆண்டுப் பொங்கல் விடுமுறை அது. ஆய்வியல் நிறைஞர் பட்டத்துக்காக ஒப்பாரிப் பாடல்களைத் திரட்டிக்கொண்டிருந்தேன். ஊர் ஊராக அலைந்து பாட்டிமார்களிடம் கெஞ்சிய எனக்கு, ஒப்பாரியில் பேர்பெற்றவள் என் வீட்டிலேயே இருக்கிறாள் என்பது தாமதமாகத்தான் உறைத்தது. அப்பத்தா முதலில் மறுத்துவிட்டாள். சாவு விழாத வீட்டில் ஒப்பாரி ஒலிக்கக் கூடாது என்பது அவள் தரப்பு. கடைசியில், வீட்டை விட்டு விலகிக் களத்துமேட்டுப் புளியமரத்தடியில் உட்கார்ந்து பாட ஒப்புக்கொண்டாள். திருமண வீடியோ எடுக்கும் நண்பன் ஒருவன் கேமராவை முக்காலியில் நிறுத்திவைத்தான். நான் என் ஒலிப்பதிவுக் கருவியையும் நோட்டுப் புத்தகத்தையும் வைத்துக்கொண்டு எதிரில் அமர்ந்தேன். அந்த நாளின் விளைவாக எனக்குக் கிடைத்தவை ஓர் ஒலிநாடா, பதினான்கு பக்கக் கையெழுத்து, ஒரு மாதம் கழித்து நண்பன் கொடுத்த ஒரு குறுந்தகடு.

ஆய்வுக்கு எனக்குச் சொற்கள் போதுமாயிருந்தன. குறுந்தகட்டைத் துறைக் கணினியில் இரண்டு நிமிடம் ஓட்டிப் பார்த்துவிட்டு உறையில் போட்டுவிட்டேன். 2007-இல் அப்பத்தா இறந்தபிறகு அதைப் பார்க்கும் துணிவு வரவில்லை. பிறகு பார்க்கும் கருவிகளே வீட்டிலிருந்து ஒவ்வொன்றாகப் போய்விட்டன.

திண்டுக்கல் வீட்டு இரும்பு பீரோவில், பழைய ரேஷன் அட்டைகளுக்கும் பட்டமளிப்புப் படத்துக்கும் நடுவே குறுந்தகடு கிடைத்தது. இன்றைய மடிக்கணினியில் தகடு போடும் பொந்தே கிடையாது. இரவல் வாங்கிய வெளிக்கருவி ஒன்றைப் பொருத்தி, முதல் வேலையாகக் கோப்பை நகலெடுத்துக்கொண்டேன். ஓரங்களில் பூசணம்போலத் திட்டுகள் இருந்தபோதிலும் கோப்பு முழுதாக வந்துவிட்டது. இருபத்துநான்கு நிமிடம். சொடுக்கினேன். அப்பத்தாவின் குரல் வந்தது. திரை மட்டும் கரியாக இருந்தது.

பேருந்து நிலையத்துக்குப் பக்கத்தில் கணினிக்கடை வைத்திருக்கும் என் பழைய மாணவனைத் தொலைபேசியில் அழைத்தேன். "ஐயா, கோடெக் இல்லாததுதான் பிரச்சினை. நெட்ல ஒரு கோடெக் பேக் இறக்கிப் போட்டுருங்க. அம்புட்டும் ஓடும்" என்றான்.

தேடினேன். வந்த பக்கங்களில் ஒன்றைத் திறந்தால், 'பதிவிறக்கு' என்று பச்சையில் நான்கு பொத்தான்கள். எது உண்மை, எது விளம்பரம் என்று தெரியவில்லை. என் விரல் அங்கேயே நின்றுவிட்டது. அதற்கு ஒரு காரணம் உண்டு.

2006-இல் இதேபோல ஒரு படம் ஓடவில்லை. 'இந்தக் கோடெக்கை நிறுவினால்தான் படம் தெரியும்' என்று ஏதோ ஒரு தளம் சொன்னது. நம்பி நிறுவினேன். படம் தெரியவில்லை. அதற்குப் பதிலாக, 'உங்கள் கணினியில் நச்சுநிரல் உள்ளது, பணம் கட்டி நீக்குங்கள்' என்னும் எச்சரிக்கைகள் நிமிடத்துக்கு ஒருமுறை எழுந்தன. 'ஸ்லாப்' என்ற பெயரில் அந்த ஆண்டுகளில் உலகெங்கும் பரவிய தீநிரல், கோடெக் வேடத்தில்தான் வந்தது என்பதைப் பின்னால் படித்தேன். என்னிடம் வந்தது அதுவேதானா என்று சொல்ல முடியாது, நடந்ததென்னவோ அதுதான். கடைசியில் கணினியைத் துடைத்துவிட்டு எல்லாவற்றையும் புதிதாக நிறுவவேண்டியதாயிற்று. நான் தட்டச்சு செய்து வைத்திருந்த நூற்றுக்கு மேற்பட்ட நடவுப் பாடல்கள் அந்தத் துடைப்பில் போயின. அவற்றைப் பாடிக்கொடுத்தவர்களில் சிலர் அப்போதே உயிரோடு இல்லை.

இப்போதைய மடிக்கணினியில் இரண்டு ஆய்வு மாணவிகளின் இயல்கள் இருக்கின்றன. பருவத்தேர்வு அகமதிப்பெண்கள் இருக்கின்றன. போதாக்குறைக்கு, 2025 அக்டோபர் 14-ஆம் நாளோடு மைக்ரோசாஃப்ட் தன் வழக்கமான ஆதரவை நிறுத்திக்கொண்ட விண்டோஸ் 10 அது. ஒரு பக்கம் அப்பாவின் புதுக் கண். மறுபக்கம் என் பழைய சூடு. மூன்று நாட்கள் தீர்மானிக்க முடியாமல் திரிந்தேன்.

திண்டுக்கல்காரனுக்கு எதையும் பூட்டை வைத்து யோசித்தால்தான் விளங்கும். கையால் செய்யப்பட்டு, 2019-இல் புவிசார் குறியீடும் பெற்ற பூட்டு எங்கள் ஊர்ப் பூட்டு. மாங்காய்ப் பூட்டைத் தொலைத்த சாவிக்காக யாராவது ஊரிலுள்ள சாவிகளையெல்லாம் வாங்கிவந்து வீட்டில் தொங்கவிடுவார்களா? முதலில் பூட்டைத் திருப்பி, அது யார் செய்தது, என்ன வகை என்றல்லவா பார்ப்பார்கள்?

இங்கே பூட்டு எதற்கு என்ற கேள்வி எழலாம். அந்தப் படத்தின் அளவு 320-க்கு 240 புள்ளிகள். ஒரு புள்ளியின் நிறத்துக்கு மூன்று பைட்டு வீதம் கணக்கிட்டால் ஒரு சட்டகத்துக்கு 2,30,400 பைட்டு. நொடிக்கு 25 சட்டகம் என்றால் ஏறத்தாழ 57 லட்சம் பைட்டு. 700 மெகாபைட்டுக் குறுந்தகடு இரண்டே நிமிடத்தில் நிரம்பிவிடும். இருபத்துநான்கு நிமிடத்தை அதில் அடக்க வேண்டுமானால், அசையாத புளியமரத்தை ஒவ்வொரு சட்டகத்திலும் திரும்ப எழுதாமல், மாறியவற்றை மட்டும் சுருக்கிக் குறித்துவைக்க வேண்டும். அந்தச் சுருக்கெழுத்தை எழுதவும் படிக்கவும் தெரிந்த நிரலே கோடெக். 'ஏவிஐ' என்பது 1992-இல் மைக்ரோசாஃப்ட் கொண்டுவந்த பெட்டி மட்டுமே. பெட்டியைத் திறப்பது வேறு, உள்ளே உள்ள சுருக்கெழுத்தைப் படிப்பது வேறு. ஒலிக்கு ஒரு கோடெக், படத்துக்கு ஒரு கோடெக் என்று தனித்தனியாக இருப்பதனால்தான் குரல் வந்தும் முகம் வராமல் போனது.

கோடெக் பேக் என்பது சாவிக்கொத்து. அதில் நேர்மையானவையும் உண்டு. கே-லைட் போன்றவை பல ஆண்டுகளாக நற்பெயரோடு இருப்பவை. ஆனால் அவற்றின் பெயரைச் சொல்லிப் பிறர் விரிக்கும் கடைகள் ஏராளம். நேர்மையான கொத்தே ஆனாலும், அது விண்டோஸின் உள்ளே பல சாவிகளைப் பதிந்துவைக்கிறது. ஒரு கோப்பை யார் திறப்பது என்று பழைய சாவியும் புதிய சாவியும் போட்டியிட்டு, நேற்றுவரை ஓடிய படம் இன்று தலைகீழாகத் தெரிந்த கதைகளைப் பலரும் அந்தக் காலத்தில் கண்டிருக்கிறோம். எனக்குத் தேவை ஒரு பூட்டுக்கு ஒரு சாவி.

ஆகவே பூட்டைத் திருப்பிப் பார்த்தேன். மீடியாஇன்ஃபோ என்னும் சிறு மென்பொருள், கோப்பை ஓட்டாமலே அதன் தலைப்பகுதியைப் படித்துச் சொல்லும். படக் கோடெக்கின் நான்கெழுத்து முத்திரை 'ஐவி50' என்று வந்தது. அதாவது இன்டியோ 5. 1990-களில் இன்டெல் நிறுவனம் உருவாக்கிய கோடெக் வரிசையைச் சேர்ந்தது. நண்பனின் பழைய மென்பொருள் அதைத் தேர்ந்திருக்கிறது. இதன் வரலாற்றைப் படித்தபோது சிரிப்பும் வருத்தமும் ஒருங்கே வந்தன. விண்டோஸோடு கூடவே வந்துகொண்டிருந்த அந்தச் சாவியில் பாதுகாப்புக் குறைகள் இருப்பதாகச் சொல்லி, 2009 டிசம்பரில் மைக்ரோசாஃப்டே அதைத் தன் மீடியா பிளேயரிலும் இன்டர்நெட் எக்ஸ்புளோரரிலும் பயன்படாதபடி தடுத்துவிட்டது. பிந்தைய விண்டோஸ்களில் அது இயல்பாக இயங்குவதில்லை. திருடன் நுழைவான் என்று அஞ்சிச் சாவியை எடுத்துவிட்டார்கள். அந்த அச்சம் நியாயமானதே. ஆனால் வீட்டுக்குள் அப்பத்தா இருந்தாள்.

தமிழ் படித்தவனுக்கு இந்த இடத்தில் ஓலைச்சுவடி நினைவுக்கு வராமல் இராது. சுவடியில் மெய்க்குப் புள்ளி கிடையாது. எகர ஏகாரத்துக்கும் ஒகர ஓகாரத்துக்கும் வேறுபாடு கிடையாது. ரகரமும் காலும் ஒன்றுபோலவே இருக்கும். படிக்கத் தெரிந்தவர் இல்லாவிட்டால் அது வெறும் கீறல். உ.வே.சாமிநாதையர் சீவக சிந்தாமணியை 1887-இல் பதிப்பிக்கும் முன்னர், சொல் விளங்கியும் பொருள் விளங்காத இடங்களுக்காகக் கும்பகோணத்துச் சமணர்களைத் தேடிச்சென்றார். நூல் ஓரிடத்திலும் அதைப் படிக்கும் அறிவு வேறோரிடத்திலும் இருந்தன. காப்பது என்றால் இரண்டையும் சேர்த்தே காக்க வேண்டும். நானோ இருபதாண்டுகளாகத் தகட்டை மட்டும் பீரோவில் பூட்டிவைத்து, காத்துவிட்டதாக நிறைவு கொண்டிருந்தேன்.

இன்டியோவுக்கும் அப்படியொரு தேடல் நடந்திருக்கிறது. எஃப்எஃப்எம்பெக் என்னும் திறமூலத் திட்டத்தின் தன்னார்வலர்கள், அந்தக் கோடெக் வேலைசெய்யும் விதத்தைப் புறத்திலிருந்து ஆராய்ந்து, 2010-ஆம் ஆண்டளவில் தாமே ஒரு படிப்பு நிரலை எழுதிச் சேர்த்தார்கள். அதன் பயன் விஎல்சி இயக்கியில் கிடைக்கிறது. 1996-இல் பாரிஸ் அருகே ஒரு பொறியியல் கல்லூரி மாணவர்களின் செயல்திட்டமாகத் தொடங்கிய விஎல்சி, சாவிகளைத் தன் மடியிலேயே வைத்துக்கொள்கிறது. விண்டோஸின் உள்ளே எதையும் தொங்கவிடுவதில்லை. 2022-இல் சில மாதங்கள் அதன் தளம் இந்தியாவில் முடக்கப்பட்டு, நவம்பரில் திறக்கப்பட்டது. அந்த மாதங்களில் நான் தேடியிருந்தால் மறுபடியும் பச்சைப் பொத்தான்களிடம்தான் போயிருப்பேன்.

எந்தப் படிப்பு நிரலிலும் குறை இருக்கலாம் என்பதை அறிவேன். ஆனால் அத்தகைய குறையைப் பயன்படுத்த, வேண்டுமென்றே கெடுத்து அமைத்த கோப்பு ஒன்று வெளியிலிருந்து வரவேண்டும். என் கோப்பு எங்கள் களத்துமேட்டிலிருந்து வந்தது. கோடெக் பேக் வேண்டாம் என்று முடிவு செய்து, மாணவிகளின் இயல்களையும் மதிப்பெண்களையும் வெளி வட்டில் நகலெடுத்துவிட்டு, விஎல்சியின் சொந்தத் தளத்திலிருந்தே அதை இறக்கினேன்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் மடிக்கணினியோடு ஊருக்குப் போனேன். திண்ணையில் வேண்டாம், களத்துக்குப் போவோம் என்றார் அப்பா. தன் தாயின் விலக்கை அவர் மறக்கவில்லை. களத்துமேட்டில் இப்போது புளியமரம் இல்லை. பக்கத்து மோட்டார் அறையின் நிழலில் உட்கார்ந்தோம்.

அப்பத்தா வந்தாள். கால் நீட்டி அமர்ந்து, வெற்றிலைப் பையை மடியில் வைத்துக்கொண்டு, கேமரா பக்கம் திரும்பாமல் பாடினாள். அப்பா ஒன்றும் பேசவில்லை. கறுப்புக் கண்ணாடியை ஒருமுறை கழற்றித் துடைத்து மாட்டிக்கொண்டார்.

ஏறத்தாழப் பதினோராம் நிமிடத்தில் அவள் பாட்டை நிறுத்தினாள். இந்த இடத்தை நான் நன்கறிவேன். ஒலிநாடாவில் இங்கே ஒரு நீண்ட மௌனம் உண்டு. என் ஆய்வேட்டின் பின்னிணைப்பில், 'பாடகர் இவ்விடத்தில் அடியை மறந்து, சற்று நேரத்துக்குப் பின் தொடர்கிறார்' என்று குறித்திருக்கிறேன். வாய்மொழி மரபில் மறதியின் பங்கு என்று அதை வைத்து ஒரு பத்தியே எழுதியிருக்கிறேன்.

படத்தில் அவள் எதையும் மறக்கவில்லை. சட்டகத்தின் ஓரத்தில் என் முழங்கையும் நோட்டும் தெரிகின்றன. நான் தலைகுனிந்து வேகவேகமாக எழுதிக்கொண்டிருக்கிறேன். அவள் என் கையைப் பார்க்கிறாள். கை நிற்கும்வரை காத்திருக்கிறாள். நின்றதும், விட்ட அடியைத் தொடங்குகிறாள். பிறகு கவனித்துப் பார்த்தால், ஒவ்வோர் அடியின் முடிவிலும் கொஞ்சம் கொஞ்சமாக அப்படித்தான் நின்று நின்று பாடியிருக்கிறாள்.

"ஒனக்காகத்தான் நிப்பாட்டி நிப்பாட்டிப் பாடியிருக்கா" என்றார் அப்பா.

அன்றிரவே கோப்பை இன்றைய கருவிகள் படிக்கும் வடிவத்துக்கு மாற்றி மூன்று இடங்களில் வைத்தேன். மூலக் கோப்பையும் அழிக்கவில்லை. எந்தக் கோடெக் என்பதை ஒரு தாளில் எழுதித் தகட்டு உறைக்குள் செருகியிருக்கிறேன். பிறகு ஆய்வேட்டின் என் சொந்தப் படியை எடுத்து, பின்னிணைப்பில் அந்தக் குறிப்பை அடித்துவிட்டுப் பக்கத்தில் பேனாவால் திருத்தினேன். நூலகத்திலுள்ள படியில் அது இன்னும் 'மறதி' என்றே இருக்கிறது.