தட்டு அடுக்கும் கைகள்

டெல்லியின் தென்கோடியில், ஹரியானா எல்லையை ஒட்டி, துக்ளகாபாத்தில் இருக்கிறது டாக்டர் கர்ணி சிங் துப்பாக்கிச் சுடுதளம். 1982 ஆசிய விளையாட்டுக்காகக் கட்டி, 2010 காமன்வெல்த் போட்டிக்காகப் புதுப்பித்த இடம். ட்ராப் எனப்படும் பறக்கும் தட்டுச் சுடுதலைப் பெரிய அளவில் நான் முதன்முதலாகப் பார்த்தது அங்கேதான். கோவை கணபதியில் ஃபவுண்டரி வைத்திருக்கும் ஓர் அண்ணன் கூட்டிப்போனார். அவர் மகன் ட்ராப் சுடுகிறவர். கொங்கு எக்ஸ்பிரஸில் ஏறி நிஜாமுதீனில் இறங்கினோம்.

இதற்காக இவ்வளவு தூரம் போக வேண்டுமா என்று ஊரில் பலரும் கேட்டார்கள். ஏர் ரைபிளும் பிஸ்டலும் பழக 10 மீட்டர் நீளமுள்ள ஒரு கூடம் போதும். கல்லூரி மாடியில்கூட அமைத்துவிடலாம். கொங்குப் பக்கம் அப்படிப் பழகும் பிள்ளைகள் பெருகிவருகிறார்கள். ட்ராப் அப்படியில்லை. தட்டு மட்டுமே 76 மீட்டர் பறக்கும். அதைத் துரத்தும் ஈய ரவை அதற்கும் அப்பால் போய் விழும். சுடுபவருக்கு முன்னால் பல நூறு மீட்டருக்கு ஆள், ஆடு, மாடு எதுவும் நடமாடாத வெற்று நிலம் வேண்டும். சென்ட் கணக்கில் விலை பேசும் நம் ஊரில் அதற்கு எங்கே போவது? அண்ணன் மகன் புதுக்கோட்டைக்குப் போய்வந்துதான் பழகினார்.

புதுக்கோட்டை என்றதும் பிருத்விராஜ் தொண்டைமானைச் சொல்லாமல் நகர முடியாது. அந்த அரச குடும்பத்தைச் சேர்ந்த அவர், 2023 ஹாங்சோ ஆசிய விளையாட்டில் கைனன் செனாய், ஜொராவர் சிங் சந்து ஆகியோரோடு சேர்ந்து ஆண்கள் அணிப் பிரிவில் தங்கம் வென்றார். மூவரும் சேர்ந்து 375 தட்டுகளில் 361 உடைத்தார்கள். அடுத்த ஆண்டு பாரிஸ் ஒலிம்பிக்கிலும் ட்ராப் சுட்டார். தமிழ்நாட்டில் இந்த விளையாட்டின் பெயரை வீட்டுக்கூடம் வரை கொண்டுவந்தவர் அவர்.

கொங்கு நாட்டில் துப்பாக்கி புதிதல்ல. காட்டுப்பன்றிக்காகத் தோட்டத்து வீடுகளில் லைசென்ஸோடு ஒன்று தொங்கும். தேர்தல் அறிவித்தால் அதைத் துணியில் சுற்றிக் காவல் நிலையத்தில் ஒப்படைத்து ரசீது வாங்கி வருவார்கள். அண்ணனின் அப்பாவும் அப்படி ஒன்றை வைத்திருந்தவர். "அப்பாரு வருசத்துக்கு நாலு தோட்டா சுட்டிருப்பாருங் தம்பி. இவன் ஒரு நாளைக்கு நூறு சுடறான்" என்றார் அண்ணன். குரலில் பெருமையும் இருந்தது, செலவுக் கணக்கும் இருந்தது.

நாங்கள் போய்ச் சேர்ந்த காலையில் பனிமூட்டம். எதிரே இருக்கும் மரமே தெரியாதபோது ஆரஞ்சுத் தட்டு எப்படித் தெரியும்? போட்டி தள்ளிப்போனது. வீரர்கள் துப்பாக்கியை மடக்கித் தோளில் போட்டுக்கொண்டு தேநீர் குடித்துக்கொண்டிருந்தார்கள். சுடும் இடத்தில் நிற்கும் நேரம் தவிர மற்ற எப்போதும் துப்பாக்கி மடங்கித் திறந்தே இருக்க வேண்டும். உள்ளே தோட்டா இல்லை என்பது எதிரே வருகிறவருக்குக் கண்ணால் தெரிய வேண்டும். அத்தனை துப்பாக்கிகளுக்கு நடுவே நின்றும் எனக்குப் பயம் வராததற்கு அந்தப் பழக்கமே காரணம்.

அந்தத் தாமதம் எங்களுக்கு வாய்ப்பாக அமைந்தது. அதிகாரி ஒருவரிடம் அனுமதி கேட்டு, அண்ணனும் நானும் தட்டு வீசும் பள்ளத்துக்குள் இறங்கினோம்.

வெளியிலிருந்து பார்த்தால் அந்தப் பள்ளம் தெரியவே தெரியாது. வீரர்கள் நிற்கும் கோட்டுக்கு 15 மீட்டர் முன்னால், தரையோடு தரையாக ஒரு கான்கிரீட் கூரை. அவ்வளவுதான். அதன் கீழே 15 எந்திரங்கள் வரிசையாக நிற்கின்றன. மும்மூன்றாக ஐந்து தொகுதிகள். மேலே உள்ள ஐந்து ஸ்டேஷன்களுக்கு ஆளுக்கொரு தொகுதி. ஒவ்வொரு எந்திரத்தின் தலையிலும் தட்டுகளை அடுக்கிய சுழல் கூடு. மோட்டார் சுழன்று ஸ்பிரிங்கை இழுத்து, எந்திரத்தின் கையை முறுக்கி நிறுத்தி வைக்கிறது. மேலே வீரர் குரல் கொடுத்ததும் ஸ்டேஷனுக்கு முன்னால் உள்ள மைக் அதைப் பிடித்து மின்குறி அனுப்ப, கை விடுபட்டுத் தட்டை வீசுகிறது.

எந்திரத்தைச் சுற்றிச் சுற்றி வந்தார் அண்ணன். மோட்டாரும் ஸ்பிரிங்கும் வார்ப்பும் அவருக்கு அன்றாடச் சோறு. இயந்திரம் வாங்க லூதியானாவுக்கும் ராஜ்கோட்டுக்கும் அலைந்த பழக்கத்தில் இந்தியும் சரளமாக வரும். அங்கே தட்டு அடுக்கிக்கொண்டிருந்த பீகார் தொழிலாளியிடம், "பையா, இதுல அடிக்கடி போறது எது?" என்று கேட்டார்.

"ஸ்பிரிங்தான் சாஹிப். குளிர்காலத்தில் வீச்சு மாறிவிடும். தினமும் பார்த்துத் திருக வேண்டும்" என்றார் அவர். பிறகு எங்களை ஓரமாக நிறுத்தி, முறுக்கி நிற்கும் கையைக் காட்டினார். மின்சாரத்தை நிறுத்தி, அந்தக் கையை வெறுமனே ஒருமுறை விடுவித்த பிறகே எந்திரத்தின் பக்கத்தில் போக வேண்டும். இல்லாவிட்டால் எலும்பை முறித்துவிடும். அவர் இதைச் சொல்லும்போது தன் முன்கையைத் தடவிக்கொண்டார். நான் காரணம் கேட்கவில்லை.

தட்டைக் கையில் கொடுத்தார். கவிழ்த்த சின்ன ஆப்பச்சட்டி போல ஒரு வடிவம். குறுக்களவு 110 மில்லிமீட்டர், எடை சுமார் 105 கிராம். களிமண் தட்டு என்று பெயரே தவிர அதில் களிமண் கிடையாது; சுண்ணாம்புக்கல் தூளையும் பிட்ச் என்ற கீலையும் சூட்டில் கலந்து அச்சில் அழுத்தி எடுப்பது. விசையோடு வீசும்போது உடையக் கூடாது, ஒன்றிரண்டு ரவை பட்டால் உடைந்தாக வேண்டும். இந்த இரண்டுக்கும் நடுவிலுள்ள பதம்தான் தட்டு செய்பவரின் கைத்திறன். வெயிலில் கிடந்தால் கீல் இளகும். அடுக்கும்போது விளிம்பு மோதினால் கண்ணுக்குத் தெரியாத கீறல் விழும். அந்தத் தொழிலாளி ஒவ்வொரு தட்டையும் விரலால் ஒரு சுற்றுத் தடவிப் பார்த்துத்தான் கூட்டில் வைத்தார். சில தட்டுகள் ஓரமாகப் போயின. எனக்கு அவற்றில் ஒரு குறையும் தெரியவில்லை.

தட்டுக்குப் பதிலாக 19ஆம் நூற்றாண்டில் கூண்டிலிருந்து உயிருள்ள புறாக்களைத் திறந்துவிட்டுத்தான் சுட்டார்கள். 1900 பாரிஸ் ஒலிம்பிக்கில்கூடப் புறாச் சுடுதல் நடந்தது. இடையில் கண்ணாடி உருண்டைகளை வீசிப் பார்த்தார்கள். 1880இல் அமெரிக்காவின் சின்சினாட்டியில் ஜார்ஜ் லிகோவ்ஸ்கி கொண்டுவந்த தட்டுதான் புறாக்களைக் காப்பாற்றியது.

பனி விலகியதும் மேலே வந்து உட்கார்ந்தோம். ஆறு பேர் ஓர் அணி. ஐந்து ஸ்டேஷன்களில் ஐந்து பேர், ஆறாமவர் முதல் ஸ்டேஷனுக்குப் பின்னால். ஒருவர் சுட்டதும் வலப்பக்கத்துக்காரர் சுடுவார். அவரும் முடித்த பின் முன்னவர் அடுத்த ஸ்டேஷனுக்கு நகர்வார். ஐந்தாவதை முடித்தவர் பின்னால் நடந்து திரும்ப முதலாவதுக்கு வருவார். இப்படி ஆளுக்கு 25 தட்டு சேர்ந்தால் ஒரு ரவுண்டு. தகுதிச் சுற்றில் ஐந்து ரவுண்டு, 125 தட்டு. ஒரு தட்டுக்கு இரண்டு தோட்டா அனுமதி. முதல் தோட்டா ஒரு நொடிக்குள் போயாக வேண்டும். அதற்குள் தட்டு வெகுதூரம் போய்விடுகிறது. ஒரு துணுக்காவது கண் பார்க்க உடைந்து விழ வேண்டும்; தூசி மட்டும் கிளம்பினால் கணக்கில் வராது.

அண்ணன் மகன் மூன்றாவது ஸ்டேஷனில் துப்பாக்கியை மூடித் தோளில் பொருத்தினார். கன்னம் கட்டையில் படிந்தது. அந்த வால்நட் கட்டையை அவர் கன்னத்துக்கும் கைநீளத்துக்கும் ஏற்றபடி ஆசாரி ஒருவர் இழைத்துக் கொடுத்தாராம். ஒரு சிறு இழைப்பு கூடினாலும் ரவை தட்டுக்குக் கீழே போய்விடும் என்று அவர் ரயிலில் சொன்னது ஞாபகம் வந்தது. குழல் முனை பள்ளத்தின் கூரை விளிம்பில் நின்றது. குரல் கொடுத்தார். ஆரஞ்சு நிறம் ஒன்று இடப்பக்கம் பாய்ந்ததைத்தான் என் கண் பிடித்தது. அதற்குள் அது கறுப்புப் புகையாகியிருந்தது.

எந்தத் திசையில் தட்டு வரும் என்று சுடுபவருக்குத் தெரியாது. ஒரு தொகுதியில் உள்ள மூன்று எந்திரங்களில் இடப்பக்கத்தது வலப்பக்கம் வீசும், வலப்பக்கத்தது இடப்பக்கம் வீசும், நடுவிலிருப்பது ஏறத்தாழ நேராக வீசும். பக்கவாட்டில் 45 டிகிரி வரை போகலாம். எது வரும் என்பதைக் கணினி தேர்ந்தெடுக்கிறது. ஆனால் ரவுண்டு முடிந்து எண்ணிப் பார்த்தால், ஆறு பேருக்குமே இடப்பக்கம் 10, வலப்பக்கம் 10, நடுவில் 5 என்று வந்திருக்கும். வரிசைதான் தெரியாதே தவிர, பங்கு எல்லோருக்கும் ஒன்று. இந்த விளையாட்டில் என்னை மிகவும் ஈர்த்தது இதுதான். மகாராஜா வந்து நின்றாலும் ஃபவுண்டரிக்காரர் மகன் வந்து நின்றாலும் பள்ளம் ஒரே மாதிரிதான் பரிமாறும்.

மகாராஜா என்று ஒரு பேச்சுக்குச் சொல்லவில்லை. சுடுதளத்துக்குப் பெயர் தந்த கர்ணி சிங், பிகானேர் மகாராஜா. 1952 முதல் 1977 வரை மக்களவை உறுப்பினர். ஐந்து ஒலிம்பிக்குகளில் கலந்துகொண்டவர். 1962 கெய்ரோ உலகப் போட்டியில் முதலிடத்துக்குச் சமநிலையில் நின்று, கூடுதல் சுற்றில் தோற்று வெள்ளி வாங்கினார். அவருக்கு எட்டாத அந்த உலகப் பட்டத்தை 2006இல் ஜாக்ரெப்பில் மானவ்ஜித் சிங் சந்து வென்றார். அரண்மனைகளின் விளையாட்டு என்ற பெயர் இன்னும் முழுக்கப் போகவில்லை. துப்பாக்கியும் தோட்டாவும் விற்கும் விலையில் போவதும் கஷ்டம். அதனால்தான் அந்தச் சமபங்கு எனக்குப் பெரிதாகப் படுகிறது. அதைக் காப்பது கணினி மட்டுமல்ல. எந்திரம் ஒன்றின் ஸ்பிரிங் தளர்ந்து தட்டு 76 மீட்டருக்குப் பதில் 70 மீட்டர் போனால், அந்தத் தட்டு வாய்த்தவருக்கு லாபம். கீறல் விழுந்த தட்டு எந்திரத்தின் கையிலேயே உடைந்து பறந்தால் ரெஃப்ரி 'நோ டார்கெட்' என்பார், திரும்பச் சுடலாம். ஆனால் கூடிவந்த மனம் கலைந்துவிடும். வீரர்கள் யாரைக் கேட்டாலும் இதைச் சொல்கிறார்கள். ஆக, பள்ளத்தில் தடவிப் பார்க்கும் அந்த விரல்தான் மேலே இருக்கிற ஸ்கோர் போர்டுக்கு அஸ்திவாரம்.

அந்த விரல்களில் பலவற்றுக்குக் கையுறை இல்லை என்பதையும் சொல்ல வேண்டும். சிலர் மட்டும் போட்டிருந்தார்கள். பிட்ச் என்பது தோலிலும் மூச்சிலும் நாள்தோறும் படத்தக்க பொருள் அல்ல. ஈயமோ நஞ்சேதான். ஒரு தோட்டாவில் 24 கிராம் ஈய ரவை. தட்டுக்கு ஒன்று என்று வைத்தாலும் ஒரு வீரர் ஒரு ரவுண்டில் 600 கிராம், ஆறு பேர் 3 கிலோ 600 கிராம். இரண்டாவது தோட்டாவும் சேர்ந்தால் இன்னும் கூடும். ஐரோப்பிய ஒன்றியத்தில் நீர்நிலைப் பகுதிகளில் ஈய ரவை சுட 2023 முதல் தடை வந்துவிட்டது. மைதானத்தில் தட்டுத் துணுக்கு கூட்டும் பெண்கள் அதே கையோடு பொட்டலத்தைப் பிரித்துச் சாப்பிட உட்கார்ந்ததைப் பார்த்தேன். தண்ணீர்க் குழாய் ஒன்றும் சோப்பும் பக்கத்தில் இருந்தால் போதும். பதக்கம் வாங்கித் தரும் விளையாட்டுக்கு இது ஒரு செலவே இல்லை. நாட்டில் எங்கே புதிதாகத் தளம் கட்டினாலும், கோவைக்கே ஒரு நாள் வந்தாலும், வரைபடத்தில் முதலில் இதைப் போட வேண்டும் என்பேன்.

சாயங்காலம் சுடுதல் ஓய்ந்ததும் மறுநாளுக்கான வேலை தொடங்கியது. எந்திரங்களின் கோணத்தையும் உயரத்தையும் குறிக்கும் அட்டவணைகள் சர்வதேச விதியில் உண்டு. அவற்றிலிருந்து தேர்ந்தெடுத்தபடி, ஒவ்வொரு எந்திரத்தையும் நடுவர் குழு முன்னால் மாற்றி அமைக்க வேண்டும். எந்திரத்துக்கு 10 மீட்டர் முன்னால் அளவுக்கோலை நட்டு, தட்டு அதை எந்த உயரத்தில் கடக்கிறது என்று பார்க்கிறார்கள். ஒன்றரை மீட்டருக்கும் மூன்றரை மீட்டருக்கும் நடுவில் அட்டவணை சொன்ன இடத்தில் போக வேண்டும். கீழிருந்து திருகுகிறார்கள், வீசுகிறார்கள், மேலிருந்து கை காட்டுகிறார்கள், திரும்பத் திருகுகிறார்கள். ஓர் எந்திரத்துக்கு மட்டும் ஏழெட்டுத் தட்டு செலவானது. அதன் ஸ்பிரிங்கின் விட்டத்தையும் சுற்றையும் அண்ணன் தன் நோட்டில் குறித்துக்கொண்டார்.

"நம்மூர்ல இந்த ஸ்பிரிங்க தாராளமா சுத்திக் குடுப்பாங். கம்பி தரம்தான் பாக்கோணும்" என்றார் என்னிடம்.

காலையில் பார்த்த பீகார்க்காரர் ஸ்பானரோடு மேலே வந்தார். "உங்கள் பையன் நாளைக்கு எந்தத் தளத்தில்?" என்று கேட்டார். இரண்டாவது என்றார் அண்ணன். "அது என்னுடையது. தட்டை நான் பார்த்துக்கொள்கிறேன்" என்று சொல்லிவிட்டு அடுத்த எந்திரத்துக்கு இறங்கினார்.

மறுநாள் அந்தத் தளத்தில் அண்ணன் மகன் 25க்கு 23 எடுத்தார். ஆறு பேர் சுட்ட அந்த ரவுண்டு முழுவதிலும் ரெஃப்ரி 'நோ டார்கெட்' சொன்னது ஒரே ஒரு முறை.