எந்தத் தோட்டம்?

அம்மாயி தனியாகத் தேத்தண்ணி குடித்து நான் பார்த்ததில்லை. கோத்தகிரியில், தாயகம் திரும்பியோருக்கு வேலை தர 1968-இல் அரசு தொடங்கிய டான்டீ தேயிலைத் தோட்டத்து லயம். வீட்டு முன்வாசலை, இலங்கையில் சொன்னபடியே, 'இஸ்தோப்பு' என்பாள். வழியில் போகிறவர்களை அங்கே உட்காரவைத்து, "எந்தத் தோட்டம்?" என்பாள். அவள் கேட்டது கடலுக்கு அந்தப் பக்கத்துத் தோட்டத்தை.

1964-இன் சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம் 5,25,000 பேரை இந்தியாவின் கணக்கில் எழுதியது. எண்ணிக்கைக்கு உறவு தெரியாது. ஒரே லயத்துக்காரர்கள் வெவ்வேறு நாளில் தலைமன்னாரில் கப்பலேறினார்கள். மண்டபம் முகாமிலிருந்து கூடலூர், குன்னூர் என்று பிரிந்தார்கள். அம்மாயி விசாரித்து விசாரித்தே சிலரை மறுபடி சேர்த்தாள். இஸ்தோப்பில் இரண்டு கல்யாணங்கள் பேசி முடிந்தன.

நான் அந்நியமாதலைப் பற்றிக் கட்டுரைகள் எழுதுகிறவன். ஆள் வந்தால் புத்தகத்தோடு உள்ளே போய்விடுவேன். அந்தப் பேச்சை வெறும் வம்பு என்றே நினைத்திருந்தேன்.

தொண்ணூறைத் தாண்டி இறந்தாள். சாவுக்கு வந்திருந்த கிழவர் ஒருவர் என்னிடம் கேட்டார்: "ஒங்க அம்மாயி பொறந்தது எந்தத் தோட்டம், தம்பி?"

எனக்குத் தெரியவில்லை. எல்லாரிடமும் அதைக் கேட்டவளிடம் நான் ஒரு தடவைகூடக் கேட்டதில்லை.