ஒரு முழக் கம்பி

தமிழ்ச் சிறப்பு வகுப்பில் பயிலும் எமக்கும் ஆகாய விமானத்திற்கும் யாது தொடர்பு என நண்பர்கள் வினவக்கூடும். சென்ற விடுமுறையில் அமெரிக்காவில் வதியும் எம் பெரிய தந்தையாரின் மகனாரிடம் தங்கியிருந்தோம். அவர் தம் இல்லத்துக் கொட்டகையில் சிறு விமானமொன்றைத் தாமே அமைத்து வருகின்றார். பெரும்பகுதி வேலையைக் கல்வியும் பொழுதுபோக்கும் கருதித் தாமே செய்வோர்க்கு அந்நாட்டுச் சட்டம் இவ்வுரிமையை அளிக்கின்றது.

"இவ்வெப்பமானிக் கம்பிகளை இணைத்து வை, தம்பி" என அண்ணனார் பணித்தார். இரும்பு, கான்ஸ்டன்டன் என்னும் இரு கம்பிகளின் நுனியை ஒன்றாக்கி, எஞ்சினின் ஸிலிண்டர்த் தலையிற் பொருத்துவர். நுனிக்கும் மறுமுனைக்கும் உள்ள வெப்ப வேறுபாட்டிற்கேற்ப, டிகிரி ஒன்றுக்கு ஏறக்குறைய 50 மைக்ரோவோல்ட் மின்னழுத்தம் தோன்றும். இவ்விளைவை 1821-ஆம் ஆண்டில் ஸீபெக் என்பார் கண்டனர். மறுமுனையின் வெப்பத்தைக் கருவி தானே அளந்து கூட்டிக்கொள்ளும்.

அந்நாட்டு வழக்கில் வெள்ளுறைக் கம்பி நேர்முனை. செவ்வுறைக் கம்பியே எதிர்முனை. அதனை மறவாது இணைத்தோம். ஆயினும் எஞ்சின் அறையினின்று கருவியை எட்டுதற்கு ஒரு முழம் குறைந்தது. கம்பியெல்லாம் ஒன்றே என்றெண்ணிச் செம்புக் கம்பியால் அக்குறையை நிரப்பினோம்; அண்ணனாரிடம் உரைத்திலேம். கொதிநீரில் நுனியைத் தோய்த்துச் சோதித்தபோது கருவி 100 டிகிரியே காட்டிற்று. அவர் மகிழ்ந்தார், யாமும் வாளாவிருந்தோம்.

அன்றிரவு கருவியின் கையேட்டைப் படித்தபோது உறக்கம் நீங்கிற்று. கம்பியின் வகை கருவி வரை மாறலாகாதாம். செம்பின் இருமுனைகளும் ஒரே வெப்பத்தில் இருப்பின் பிழை தோன்றாது. கொட்டகைச் சோதனையில் தப்பியது அதனாலன்றோ! பறக்குங்கால் எஞ்சின் அறை 60 டிகிரியும் கருவியின் பின்புறம் 25 டிகிரியும் ஆயின், 35 டிகிரி குறைந்து காட்டும். அவர்தம் எஞ்சினாகிய லைகமிங் ஓ-320-க்கு உச்சவரம்பு 260 டிகிரி. உண்மையில் 265 ஆகியும், கருவி 230 என்று ஆறுதல் கூறும்.

விடிந்ததும் நாணத்தோடு உண்மையை உரைத்தோம். அவர் வைதிலர். முழுநீளக் கம்பியொன்றைத் தருவித்து, "நீயே மீண்டும் இணை" என்றார்.

இரு சொற்கள் புணருமிடத்துத் திரிபு நேர்தலை இலக்கண வகுப்பிற் பயின்றிருந்தோம். சோதனையில் மறைந்து, வானில் வெளிப்படும் திரிபும் உண்டென்பதை அக்கொட்டகையிற் கற்றோம்.