சுவரின் கனமும் கருவியின் கண்ணும்

கழுத்தின் இருபுறமும் மூளைக்குக் குருதி கொண்டுசெல்லும் தமனியின் உள்ளுறையும் நடுவுறையும் சேர்ந்த கனம், நலமான நடுவயதினருக்கு ஒரு மில்லிமீட்டரைக்கூட எட்டுவதில்லை. அந்த மெல்லிய சுவர் தடித்தவர்களிடையே மாரடைப்பும் பக்கவாதமும் மிகுதி. ஆகவே மருத்துவ ஆய்வாளர்கள் அதை அல்ட்ராசவுண்டில் அளந்துவருகிறார்கள். மிலான் நகரத்து பிக்னோலியும் அவர் குழுவினரும் 1986-இல் வெளியிட்ட கட்டுரை அதற்கு வழிதிறந்தது. நம் சென்னையில் டாக்டர் வி. மோகன் குழுவினர் திருமங்கலம், தியாகராய நகர்ப் பகுதிக் குடியிருப்புகளில் நடத்திய ஆய்வின் முடிவு 2000-இல் வெளிவந்தது. நீரிழிவு உள்ளவர்களின் சராசரி 0.95 மில்லிமீட்டர்; இல்லாதவர்களுடையது 0.74.

தாம்பரத்துக்குத் தெற்கே வசிக்கும் எங்கள் வாசக நண்பர்களிடையே இப்போதெல்லாம் புத்தகங்களோடு ஸ்கேன் அறிக்கைகளும் கைமாறுகின்றன. காட்டாங்குளத்தூரில் இருக்கும் மூத்த நண்பர் ஒருவர் தம்முடைய இரண்டு அறிக்கைகளைக் கொண்டுவந்தார். முதலாவதில் 0.72, பத்து மாதம் கழித்து வேறொரு நிலையத்தில் எடுத்த இரண்டாவதில் 0.83. இச்சுவர் ஆண்டுக்குச் சுமார் 0.01 மில்லிமீட்டர்தான் தடிக்கும் என்று எங்கோ படித்திருந்தார். "பத்து மாசத்துல பத்து வயசு கூடிப்போச்சு" என்றார். அதன்பின் மாலை நடையை நிறுத்திவிட்டார். பேத்தியின் திருமணத்துக்கு வெளியூர் செல்வதா வேண்டாமா என்று தயங்கிக்கொண்டிருந்தார். நாங்கள் இந்த அளவையைப் பற்றித் தேடிப் படிக்க நேர்ந்தது அவர் பொருட்டே.

உடலுக்குள் ஒலி நொடிக்குச் சுமார் 1540 மீட்டர் வேகத்தில் செல்கிறது. 10 மெகாஹெர்ட்ஸில் ஓர் அலையின் நீளம் 0.15 மில்லிமீட்டர்; 7 மெகாஹெர்ட்ஸில் 0.22. நண்பரைக் கலங்கவைத்த வேறுபாடோ 0.11. ஓர் அலைக்குள் அடங்கிவிடும் தூரம் அது.

திரும்பிவரும் எதிரொலியை எவ்வளவு பெருக்குவது என்பதைக் 'கெயின்' என்னும் திருகு தீர்மானிக்கிறது. அதைக் கூட்டினால் திரையின் வெண்கோடுகள், மட்டமான தாளில் மை ஊறுவதுபோலப் பருக்கின்றன. மிகக் குறைத்தால் உள்ளுறையின் மெல்லிய கோடு ஆங்காங்கே அழிந்துபோகிறது. 'டைனமிக் ரேஞ்ச்' என்ற மற்றோர் அமைப்பைக் குறுக்கினால் மங்கலான எதிரொலிகள் கருமையில் மறைகின்றன. பருக்கும் கோட்டின் முன்விளிம்பைவிடப் பின்விளிம்பே அதிகம் நகரும். அதனால்தான் கருவிக்கு அருகிலுள்ள சுவரை விட்டுவிட்டு, எதிர்ப்பக்கச் சுவரில் முன்விளிம்பிலிருந்து முன்விளிம்புக்கு அளப்பதை வழக்கமாகக் கொண்டார்கள். இதயம் சுருங்கும் கணத்தில் தமனி விரிந்து சுவர் சற்று மெலியும். ஆகவே எந்தக் கணத்துப் படம் என்பதும் முக்கியம். இவற்றுக்கெல்லாம் ஒரு பொதுநெறி வேண்டும் என்றுதான் 2004-இல் மன்ஹைம் நகரின் பெயரால் வல்லுநர்களின் ஒப்பந்த அறிக்கை ஒன்று உருவானது.

இலக்கிய வாசகர்களுக்கு இது புதிய சிக்கல் அன்று. உ.வே.சாமிநாதையர் 1887-இல் சீவக சிந்தாமணியைப் பதிப்பித்தபோது பல ஏட்டுப் பிரதிகளை ஒப்பிட்டே பாடத்தை நிறுவினார். எந்த ஏட்டில் கண்ட பாடம் என்று அறியாமல் இரண்டு பாடங்களை எடைபோட இயலாது. நண்பரின் இரண்டு எண்களும் இரண்டு ஏடுகளின் பாடங்கள். ஆனால் எந்தக் கருவி, என்ன அதிர்வெண், எவ்வளவு கெயின், எந்தப் பக்கத்துச் சுவர் என்ற குறிப்பு இரண்டு அறிக்கைகளிலும் இல்லை.

இதனால் அளவை பொய் என்றாகிவிடாது. ஒரே நெறியில் பலரை அளந்து சராசரி காணும்போது அது உண்மையைச் சொல்கிறது. தனி ஒருவரின் ஆபத்தைக் கணிக்க இதை வழக்கமாகப் பயன்படுத்த வேண்டாம் என்று அமெரிக்க இதயநோய் அமைப்புகள் 2013-இல் அறிவுறுத்தின. நண்பருடைய மருத்துவரும் அவ்விரு எண்களை ஒருமுறை பார்த்துவிட்டு, இரத்த அழுத்தத்தையும் மூன்றுமாதச் சர்க்கரை அளவையும்தான் விசாரித்தார். நடையை ஏன் நிறுத்தினீர்கள் என்று கடிந்துகொண்டார்.

வாசகர்கள் எவரேனும் இப்படி இரண்டு அறிக்கைகளை அருகருகே வைத்துக்கொண்டு உறக்கமின்றி இருந்தால், இரண்டும் ஒரே கருவியில், ஒரே அமைப்பில் எடுக்கப்பட்டவையா என்று முதலில் கேளுங்கள். அடுத்த முறை அந்த விவரங்களை அறிக்கையிலேயே எழுதித் தரச் சொல்லுங்கள். அதைக் கேட்பதற்கு மருத்துவப் படிப்பு தேவையில்லை.